டெல்டாவில் தட்டான் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

குறுவை நடவாகி இருபது நாள் இருக்கும். மன்னார்குடிப் பக்கம் ஒரு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பயிருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். களை எடுக்க வந்த அம்மா ஒருவர் நின்று, "என்ன தம்பி, சாவி கீவி விழுந்துடுச்சா?" என்றார். தட்டான் பார்க்கிறேன் என்றேன். "அதுல பாக்க என்ன இருக்கு? தாழப் பறந்தா மழை. அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கிவிட்டார்.

அவர் சொன்னது தப்பில்லை. எந்தத் தட்டான் தாழப் பறக்கிறது என்பதுதான் மிச்சக் கதை. அன்று அந்த ஒரு வரப்பிலேயே என் நோட்டில் ஏழு வகை ஏறியிருந்தது.

உலகத்தில் 6,000க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 500. பயப்பட வேண்டாம், அவற்றில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் வடகிழக்கு மாநிலக் காடுகளிலும் இருப்பவை. நம் வாய்க்கால், குளம், நெல்வயலில் அன்றாடம் கண்ணில் படுகிறவற்றில் ஒரு பதினைந்தைத் தெரிந்துகொண்டால் போதும், தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை எங்கே இறங்கினாலும் முக்கால்வாசியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

பெயர் என்றதும் ஒரு சிக்கல். ஊரில் எல்லாமே தட்டான், இல்லாவிட்டால் தட்டாரப்பூச்சி, கொஞ்சம் எழுத்துத் தமிழில் தும்பி. (பழைய பாட்டுகளில் தும்பி என்றால் பெரும்பாலும் வண்டு. அந்தக் குழப்பத்துக்குள் போக வேண்டாம்.) மெலிசாக, ஊசி மாதிரி இருப்பது ஊசித்தட்டான். அதற்கு மேல் ஒவ்வொரு வகைக்கும் எல்லோரும் புழங்கும் தனிப்பெயர் கிடையாது. அதனால் ஆங்கிலப் பொதுப்பெயரைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அதை வைத்துத் தேடினால் படம் கிடைக்கும்.

எப்போது, எதை எடுத்துக்கொண்டு

வழக்கப்படி ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை வழியாக வாய்க்கால்களில் தண்ணீர் வந்துவிட்டால் சீசன் ஆரம்பம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அக்டோபர் முதல் ஜனவரி வரை. சம்பா, தாளடிப் பயிர் நிற்கும், பள்ளம் மேடெல்லாம் தண்ணீர் நிற்கும், தட்டானும் நிற்கும். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். அதற்கு முன்னால் போனால் உடம்பில் சூடு ஏறாமல் செடியில் தொங்கிக்கொண்டிருக்கும். படம் எடுக்க அது வசதிதான், எப்படிப் பறக்கிறது என்பதைப் பார்க்க முடியாது. சித்திரை, வைகாசியில் வயல் காய்ந்து கிடக்கும்போது கோயில் குளத்துக்கோ சாக்கடைக்கோதான் போக வேண்டும்.

செல்போன், ஒரு சின்ன நோட்டு, தொப்பி. இவ்வளவு போதும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் அது இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பறவை பார்க்க வாங்கிய பைனாகுலர் பல, பக்கத்தில் இருக்கும் தட்டானைப் பார்க்க உதவாது.

வயலுக்குரிய மரியாதையும் உண்டு. மண் அணைத்துப் பூசிய புது வரப்பில் ஏறாதீர்கள். நாற்றங்காலுக்குள் கால் வைக்காதீர்கள். மருந்து அடித்த வயல் பக்கம் இரண்டு நாள் போகாதீர்கள், அங்கே தட்டானும் இருக்காது. புல் அடர்ந்த வரப்பில் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம். கண் தட்டானிலும் கால் வரப்பிலும் தனித்தனியாக இருக்கட்டும்.

முதலில்: தட்டானா, ஊசித்தட்டானா?

உட்கார்ந்திருக்கும்போது இறகைப் பாருங்கள். நாலு இறகையும் விமானம் மாதிரி விரித்து வைத்திருந்தால் தட்டான். கைகூப்புவது போல முதுகுக்கு மேலே சேர்த்து மடக்கியிருந்தால் ஊசித்தட்டான். அடுத்து கண். தட்டானுக்கு இரண்டு கண்ணும் தலை உச்சியில் ஒட்டிக்கொண்டு ஹெல்மெட் போட்டது போல இருக்கும். ஊசித்தட்டானுக்குக் கண் இரண்டும் தலையின் இரு ஓரத்தில், நடுவில் நல்ல இடைவெளியோடு நிற்கும். தட்டானின் பின்னிறகு முன்னிறகை விட அடியில் அகலமாக இருக்கும். ஊசித்தட்டானுக்கு நாலும் ஒரே வார்ப்பு.

பறப்பதைப் பார்த்தே சொல்லவும் பழகலாம். தட்டான் பயிருக்கு மேலே வெட்டவெளியில் சுற்றும். ஊசித்தட்டான் பயிருக்குள்ளேயே தண்டுக்குத் தண்டு தாவும். பயிரின் அடித்தண்டில் புகையானும் தத்துப்பூச்சியும் மொய்க்கும் இடத்துக்குள் நுழைந்து பிடித்துத் தின்பது இதுதான், அதனால் விவசாயிக்கு இந்த மெலிந்த பூச்சி பெரிய ஆள்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ஸ்ப்ரெட்விங் என்ற ஊசித்தட்டான் குடும்பம் இறகைப் பாதி விரித்தபடி உட்காரும். காமன் கிளப்டெய்ல் என்ற பெரிய தட்டானுக்குக் கண்கள் ஒட்டாமல் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் இறகு, கண் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இரண்டாவது: எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதல் வருடம் நான் நோட்டில் 'சிவப்புத் தட்டான்', 'மஞ்சள் தட்டான்' என்று இரண்டு தலைப்பு போட்டு, தனித்தனியாக எண்ணிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் குளக்கரையில் மஞ்சளும் சிவப்பும் ஜோடி சேர்ந்து பறந்தபோதுதான் பாதி நோட்டும் வீண் என்று புரிந்தது. மஞ்சள் பெண், சிவப்பு ஆண். போதாக்குறைக்குக் கூட்டை, அதாவது தண்ணீரில் வளர்ந்த குஞ்சின் பழைய தோலை, விட்டு வந்த புதிதில் ஆணும் மஞ்சள்தான். நிறம் வயதோடு மாறும். உட்காரும் இடமும் பழக்கமும் அவ்வளவு சுலபமாக மாறாது. ஆகவே இடம் இடமாகப் போவோம்.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். சிமெண்ட் தொட்டி, கிணற்றுச் சுவர், கோயில் மதில், கருங்கல் தூண் இவற்றில் இறகைச் சுவரோடு சுவராக ஒட்டவைத்துக்கொண்டு சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு தட்டான் உட்கார்ந்திருக்கும். கிரானைட் கோஸ்ட். பெயருக்கேற்ற பேய்தான், கல்லின் புள்ளியும் அதன் புள்ளியும் ஒன்றாகிவிடுவதால் பறந்தால்தான் தெரியும். முட்டையிடுவதும் அந்தச் சிமெண்ட் தொட்டியிலேயே. தொட்டி கழுவும்போது அடியில் சேற்று நிறத்தில் ஆறு காலோடு ஊரும் பூச்சியைப் பார்த்து அருவருத்திருந்தால், அது இதன் குஞ்சாக இருக்கலாம். கொசுப்புழுவைத் தின்னும் ஆள், தூக்கி எறியாமல் வாளியில் வைத்திருந்து திரும்ப விடுங்கள்.

வாசலில், களத்தில், வெறும் தரையில் உட்கார்ந்து, நீங்கள் நடக்க நடக்க ரெண்டடி பறந்து மறுபடி தரையிலேயே உட்கார்வது கிரவுண்ட் ஸ்கிம்மர். மூன்று சென்டிமீட்டர் நீளம்தான். தண்ணீரே இல்லாத இடத்திலும் இருக்கும். பெண்ணும் இளசும் பச்சை மஞ்சளில் கறுப்புக் கோடு, முதிர்ந்த ஆண் திருநீறு பூசியது போல வெளிறிய நீலம். ஒரே தரையில் இரண்டையும் பார்த்தால் இரண்டு வகை என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர்ச் சாக்கடை, தேங்கிய வடிகால், ஆகாயத்தாமரை மூடிய குட்டை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் குச்சிக்குக் குச்சி ஆரஞ்சு நிறத்தில் பத்து இருபது தட்டான் உட்கார்ந்திருக்கும். ஆணின் இறகிலேயே பாதிக்கு மேல் ஆரஞ்சு சாயம் ஊறியிருக்கும். டிச் ஜுவல், அதாவது சாக்கடை மாணிக்கம். பெண்ணுக்கு அந்தச் சாயம் கிடையாது, மங்கிய பழுப்பு, இறகு நுனிக்குப் பக்கத்தில் மட்டும் சின்னச் செம்பொட்டு. அழுக்குத் தண்ணீரைத் தாங்குவதில் இதை அடிக்க ஆளில்லை. ஒரு குளத்தில் இது மட்டுமே இருந்து மற்றவை காணாமல் போயிருந்தால் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

அப்புறம் வயல். நெல்வயலுக்கே உரிய பெயரோடு ஒன்று இருக்கிறது, பைட் பேடி ஸ்கிம்மர். ஆணின் இறகு அடியில் கறுப்பு, நடுவில் பால் வெள்ளைப் பட்டை, நுனி கண்ணாடி. இதை ஒரு முறை பார்த்தால் மறக்காது. பெண்ணுக்கு இறகின் அடி மஞ்சள், நுனி கறுப்பு. பயிர் உயரத்துக்கு மேலே எழாமல் தயங்கித் தயங்கிப் பறக்கும். அதே வயலில் பச்சையும் கறுப்புமாக வரிபோட்டு, மெலிந்த வாலோடு ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது கிரீன் மார்ஷ் ஹாக். பேரில் பருந்து, வேலையிலும் பருந்து. பட்டாம்பூச்சி, ஊசித்தட்டான், தன்னளவே இருக்கும் வேறு தட்டான், எதையும் விடாது. கையில் இரை இருக்கும்போது கிட்டே போனாலும் பறக்காது, அதனால் புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு நல்ல மாடல்.

வாய்க்கால் ஓரத்துக் கோரை, சம்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு இவற்றின் நுனிக்குச்சியில் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ரடி மார்ஷ் ஸ்கிம்மர். என் நோட்டைக் கெடுத்தது இதுதான். ஆண் ரத்தச் சிவப்பு, பெண் மஞ்சள் பழுப்பு, இருவருக்கும் பொதுவாக வாலின் மேல் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்பு, ஆனால் ரோஜாவும் ஊதாவும் கலந்த சிவப்பு, இறகு நரம்பு கூடச் சிவந்திருக்கிறது என்றால் கிரிம்சன் மார்ஷ் கிளைடர். அதன் சொந்தக்காரன் லாங்-லெக்டு மார்ஷ் கிளைடர், நீளக் காலை ஊன்றிக்கொண்டு செடியின் உச்சி நுனியில் எட்டிப் பார்ப்பது போல நிற்கும்.

உச்சி வெயிலில் இவற்றில் சில வாலைச் செங்குத்தாக வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு தலைகீழாக நிற்பதைப் பார்க்கலாம். வித்தை காட்டவில்லை. சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது அப்படி நின்றால் உடம்பில் குறைவான வெயில் படும்.

தாமரைக் குளத்தில் பட்டாம்பூச்சி என்று நினைத்து ஒதுக்கிவிடும் ஒன்றைக் கவனியுங்கள். மஞ்சள் இறகில் கரும்பழுப்புத் திட்டு, படபடவென்று மிதந்து பறக்கும். காமன் பிக்சர்விங். அதே குளத்தில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட குச்சியில் ஏழு சென்டிமீட்டர் நீளத்தில் கறுப்பும் மஞ்சளுமாக அதிகாரி மாதிரி உட்கார்ந்திருப்பது முன்னே சொன்ன காமன் கிளப்டெய்ல். வால் நுனிக்கு முன்னால் இருபுறமும் இலை போல ஒரு விரிவு இருக்கும்.

உட்காரவே உட்காராதவை

இப்போது அந்த அம்மா சொன்ன மழைத் தட்டான். ஐப்பசியில் மேகம் திரளும்போது வயலுக்கு மேலும் தெருவுக்கு மேலும் நூற்றுக்கணக்கில் பொன்மஞ்சளாகச் சுற்றுமே, அது வாண்டரிங் கிளைடர். இறகு அகலம், வால் நுனிப்பக்கம் மெலியும், மணிக்கணக்கில் இறங்காது. இறங்கினாலும் கொடியில் துணி தொங்குவது போலச் செங்குத்தாகத் தொங்கும். மழைக்காற்றோடு சேர்ந்து பயணம் செய்யும், மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் முட்டையிடும். அது வந்தால் மழையும் வரும் என்று ஊர் கண்டுபிடித்ததில் ஆச்சரியம் இல்லை. ஈரம் பளபளக்கும் தார்ச்சாலையையும் காரின் மேற்கூரையையும் தண்ணீர் என்று நினைத்து வாலால் தட்டி முட்டையிடப் பார்ப்பதும் உண்டு.

இதன் பயணம் சாதாரணம் இல்லை. மாலத்தீவில் வாழ்ந்த கடலுயிர் ஆய்வாளர் சார்ல்ஸ் ஆண்டர்சன், மேற்பரப்பில் நன்னீரே அரிதான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் அக்டோபரிலும் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக் கணக்கெடுத்தார். இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி, தீவுகள் வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். ஒரே பூச்சி போய்த் திரும்புவதில்லை, தலைமுறை மாறி மாறி நடக்கும் பயணம் அது.

சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது குளத்தின் மேல் வேகமாகச் சுற்றுவது வேறு ஆள், கோரல்-டெய்ல்டு கிளவுட்விங். ஆணுக்குப் பின்னிறகில் பழுப்புத் திட்டும் அதை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டும் இருக்கும். மங்கல் வெளிச்சத்தில் அந்த வெள்ளை மட்டும் மின்னி மின்னித் தெரியும். பகலில் புதருக்குள் தொங்கிக்கொண்டு தூங்கும்.

மூன்றாவது: இறகும் வாலும், பிறகு நிறம்

இடத்தை வைத்து இரண்டு மூன்று பேருக்குள் குறுக்கிவிட்டீர்கள். இப்போது இறகில் திட்டு உண்டா, இருந்தால் அடியிலா நடுவிலா நுனியிலா என்று பாருங்கள். அடுத்து வாலின் வடிவம். வால் என்று நாம் சொல்வது உண்மையில் வயிறு, பத்துக் கண்டம் (வளையம் போன்ற துண்டு) கொண்டது. ஒரே சீராக இருக்கிறதா, அடியில் உப்பி நடுவில் சிறுத்திருக்கிறதா? கிரீன் மார்ஷ் ஹாக்குக்கு அடி உப்பல். இன்னும் வேடிக்கை ட்ரம்பெட் டெய்ல், கோரைக்குள் தாழப் பறக்கும் சின்ன நீலத் தட்டான், பாதி வால் குண்டு, பாதி வால் ஊசி.

ஆணா பெண்ணா என்று தெரிய பக்கவாட்டிலிருந்து வாலின் தொடக்கத்தைப் பாருங்கள். இரண்டாம் மூன்றாம் கண்டத்தின் அடியில் சின்னப் புடைப்பு இருந்தால் ஆண். இது தெரிந்தபின் நிறத்துக்கு வாருங்கள், ஏமாற மாட்டீர்கள். இறகு செலோஃபேன் தாள் போல மினுக்கி, உடம்பு வெளிறியிருந்தால் அன்றோ நேற்றோ கூட்டை விட்டு வந்தது. அதற்குப் பெயர் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். பக்கத்துத் தண்டில் முதுகு பிளந்த காலிக்கூடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள், அது இன்னும் சுவாரசியம்.

ஊசித்தட்டான்: நாலு போதும்

இங்கே குனிய வேண்டும். சாவி தேடுகிறாயா என்று கேட்பார்கள், பரவாயில்லை.

பச்சை மார்பு, கோடே இல்லாத சுத்தமான மஞ்சள் வால் என்றால் கோரமாண்டல் மார்ஷ் டார்ட். புல் இருக்கும் குளக்கரை எல்லாவற்றிலும் இருக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் 1798இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். கோரமாண்டல் என்பது சோழமண்டலம் ஐரோப்பிய வாயில் புரண்ட வடிவம். தரங்கம்பாடி அன்று டேனிஷ்காரர் கையில் இருந்தது. மழைத் தட்டானுக்கும் அவரே அதே ஆண்டு பெயர் வைத்தார். ஒன்று உலகம் சுற்றி, இன்னொன்று குளக்கரைப் புல்லை விட்டு நகராதது.

கறுப்பு வாலின் நுனிக்குப் பக்கத்தில் மட்டும் நீல விளக்கு எரிகிறதா? செனகல் கோல்டன் டார்ட்லெட் ஆண். அதன் பெண் ஆரஞ்சாகவும் இருக்கும், ஆணைப் போலவே நீல விளக்கோடும் இருக்கும். உடம்பு முழுக்க வான நீலமும் கறுப்பும் மாறி மாறி இருந்து, மிதக்கும் பாசியின் மேல் உட்கார்ந்திருந்தால் புளூ கிராஸ் டார்ட். நாலாவது, இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், பச்சையும் கறுப்பும், வால் நுனி செங்கல் சிவப்பு. பிக்மி டார்ட்லெட். வரப்புப் புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்குக் கீழேயே அதன் உலகம் முடிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று, கண்டபின் எல்லா வரப்பிலும் இருந்தது.

படம் எடுப்பதும் எழுதி வைப்பதும்

சின்ன வயதில் தட்டான் பிடித்தவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பின்பக்கமாக, தாழ்ந்து, நிழல் அதன்மேல் விழாமல். பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். குச்சி நுனியில் உட்காரும் வகைகள் பெரும்பாலும் அதே குச்சிக்கே திரும்பும். நீங்கள் குச்சிக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், அது வந்து உட்காரும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படம் வேண்டும், வால் நுனி வெட்டுப்படக் கூடாது.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் அதுவே ஒரு பெயரைச் சொல்லும். முதல் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். பெண்ணிலும் இளசிலும் நிறைய தடுமாறும். நீங்களே இடம், இறகு, வால் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பின் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோட்டில் நான் எழுதுவது இப்படி: 'நவம்பர், காலை 9.20, மழை விட்டு வெயில், வடிகால் ஓரம், காட்டாமணக்கு நுனி, சிவப்பு, வாலில் கறுப்புக் கோடு, ஆண், மூன்று.' பெயர் தெரியாவிட்டால் பெயர் இடத்தைக் காலியாக விடுகிறேன். என் நோட்டில் இன்னும் பதினோரு காலி இடம் இருக்கிறது. பெரும்பாலும் பெண் ஊசித்தட்டான்கள்.